பொருள் கூறுக

பள்ளத்தூர் காவல் நிலையத்தில்
மின்விசிறி ஒரு பக்கமாகவே தலையாட்டிக்கொண்டிருந்தது.
எஸ்.ஐ. வள்ளிக்கண்ணு ஒரு செல்பேசியை
மேசைமேல் என் பக்கம் தள்ளினார்.
"தண்ணி கேன் போடுற பையன், சேவுகன்.
மூணு நாளா ஆளக் காணோம்.
வண்டி ஊருணிக் கரையில நிக்குது.
கடைசியா தங்கச்சிக்கு இந்தப் பாட்ட அனுப்பிருக்கான்.
நீங்க காலேஜ்ல தமிழ்தான எடுக்குறீங்க?
என்னன்னு எழுதிக் குடுங்க."

எழுபது கதவு எனக்குள்ள
எதுக்கும் பூட்டு இல்ல
தொறந்து தொறந்து போறேன்
நானே அங்க இல்ல

யாரோ சிங்கப்பூரில் இருந்துகொண்டு
பூட்டிப்போட்ட வீட்டின் வளவில்
பாடியிருக்கிறான்.
சொல் ஒவ்வொன்றும் தூணுக்குத் தூண் இடித்து
தாமதமாகத் திரும்பி வந்தது.

எழுதினேன்.
கதவு: புலன்கள்.
எழுபது: எண் அன்று, மிகுதி குறித்தது.
நானே இல்லை: தன்னிழப்பு.
இருபது வருடமாக
ஐந்து மதிப்பெண் வினாவுக்கு
இப்படித்தான் எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வள்ளிக்கண்ணு வாசித்தார்.
"டீச்சர், அவன் சாகப் போனானா இல்லியா?
ஒரு வரி போதும்.
ஊருணிக்குள்ள ஆள எறக்கணுமான்னு எனக்குத் தெரியணும்."

ஒரு வரி.
திரும்பக் கேட்டேன். திரும்ப.
மூன்றாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் நடுவில்
ஒரு புறா படபடக்கிறது.
அது அடங்கும்வரை காத்திருந்து
அப்புறம் பாடுகிறான்.
சாகப் போகிறவன் புறாவுக்குக் காத்திருப்பானா?
காத்திருப்பான் என்றும் தோன்றியது.
ஆளை இறக்கச் சொன்னேன்.
மாலைவரை துழாவி
ஒரு செருப்பும் சாமி படமும் எடுத்தார்கள்.
இரண்டும் அவனுடையவை அல்ல.

அதற்குள் நான்
இரண்டாம் பக்கமும் எழுதி முடித்திருந்தேன்.
வள்ளிக்கண்ணு விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர்
ஓர் இடத்தில் நின்றார்.
"இதுவரைக்கும் 'அவன்'னு வருது.
இதுக்குக் கீழ 'நான்'னு எழுதிருக்கீங்க."

நான் விளக்குப் போடாமல் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.
நான் அழைப்புமணி சரியாக இருக்கிறதா என்று
நானே வெளியே போய் அமுக்கிப் பார்க்கிறேன்.

என் கையெழுத்துதான்.

கைப்பிழை என்றேன்.
ஏட்டு ஸ்டேப்ளர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.
வள்ளிக்கண்ணு அந்தத் தாளைக் கோப்பில் வைக்கவில்லை.
நாலாக மடித்து என்னிடமே கொடுத்து
"டீ சொல்லட்டுமா?" என்றார்.

மறுநாள் வந்துவிட்டான்.
மதுரையில் பழைய மைக் ஒன்று விலைக்கு வந்ததாம்,
விற்பவன் இன்று நாளை என்று அலைக்கழித்தானாம்,
போன் உயிரை விட்டதாம்.
தங்கச்சி பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு அறை விட்டாளாம்.

சனிக்கிழமை கேனைத் தோளில் வைத்துக்கொண்டு
என் வாசலில் நின்றான்.
"எழுபது கதவுன்னா?"
"எழுபது கதவுதான் டீச்சர்.
ஆனாசேனா வீட்ல எண்ணிப் பாத்தேன்.
அறுபத்தெட்டு. பாட்டுக்கு ஒக்காரல."
"கடைசி வரி?"
கேனை இந்தத் தோளிலிருந்து
அந்தத் தோளுக்கு மாற்றினான்.
"அது சும்மா வந்துச்சு."

சும்மா.
எந்த அகராதியை எடுத்தாலும்
இந்தச் சொல்லுக்கு அடி தட்டுவதில்லை.

போகும்போது படியில் திரும்பி
"நீங்க ஏதோ ரெண்டு பக்கம் எழுதுனீங்களாமே,
ஏட்டு சொன்னாரு.
அதுல ரெண்டாவது சரணத்துக்கு ஏதாச்சும் தேறுமா?"

இன்னும் கொடுக்கவில்லை.
ஆனால் இப்போது
ஒருநாள் விட்டு ஒருநாள் கேன் போடச் சொல்லியிருக்கிறேன்.
இருபது லிட்டர்.
அவனும் கேட்கவில்லை
இந்த வீட்டில் எத்தனை பேர் என்று.
வந்ததும் மணியை அடிக்கிறான்,
கதவு திறந்தே இருந்தாலும்.